சிவப்புப் பட்டை என்றால் விற்பனையா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தேங்காய் விலையைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பங்குச் சார்ட்டின் (விலை வரைபடத்தின்) அடியில் நின்று, எத்தனை பங்குகள் கைமாறின என்று காட்டும் வால்யூம் பட்டைகளை நிரல் எழுதி நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்று அதே பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அதற்குப் பதினோரு கடிதங்கள் வந்திருக்கின்றன! சில கடிதங்கள் ஒரே கேள்வியைக் கேட்பதால் ஏழுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தின் நிரல்மொழியான பைன் ஸ்கிரிப்டின் கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலித்துக் காட்டுகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: சிவப்புப் பட்டை உயரமாக வந்தால் எல்லோரும் விற்கிறார்கள் என்று பொருளா? அப்படி நினைத்துக்கொண்டு இரண்டு முறை என் பங்குகளை விற்றுவிட்டேன். – வாசகி, சாட்ஸ்வொர்த்

இல்லை அம்மா. வாங்க ஆள் இல்லாமல் யாரும் விற்க முடியாது. பத்தாயிரம் பங்குகள் கைமாறின என்றால் பத்தாயிரம் விற்கப்பட்டன, அதே பத்தாயிரம் வாங்கப்பட்டன. பட்டையின் உயரம் அந்தப் பத்தாயிரத்தை மட்டும்தான் சொல்கிறது. வண்ணம் வால்யூமிலிருந்து வருவதே இல்லை, விலையிலிருந்து வருகிறது. டிரேடிங்வியூவில் வழக்கமாக நிற்கும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய முடிவு விலை தொடக்க விலைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

நேற்று 95 தென்னாப்பிரிக்க ராண்டில் முடிந்த பங்கு, இன்று காலை ஏதோ நல்ல செய்தியால் 100 ராண்டில் திறந்து 98இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மூன்று ராண்டு லாபம். பட்டையோ சிவப்பு. நீங்கள் விற்ற இரண்டு நாட்களில் ஒன்று இப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. வால்யூமின் அமைப்புகளுக்குள் போனால், முந்தைய நாள் முடிவு விலையோடு ஒப்பிட்டு வண்ணம் கொடுக்கும்படி சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் இந்தக் குழப்பம் குறையும். முழுதாக ஒழியாது.

நான் வடக்குக் கடற்கரையில் ஒரு சர்க்கரை ஆலையின் கணக்கு அறையில் 31 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். எடைமேடையில் இறங்கிய கரும்பின் டன் கணக்கைக் கட்டம் போட்ட தாளில் தினம் ஒரு பட்டையாக வரைந்து, பென்சிலால் வண்ணம் தீட்டி மேலாளர் மேசையில் வைக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரம், கரும்பு அதிகம் வந்த நாளுக்குச் சிவப்பும் குறைந்த நாளுக்கு நீலமும் தீட்டிக் கொண்டுபோனேன். தலைமைக் கணக்கர் தாளை விளக்கருகில் பிடித்துப் பார்த்தார். "உயரம்தான் என் கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்கு எதற்குப் பென்சிலை வீணாக்குகிறாய்? எந்த நாள் மழை, எந்த நாள் அரவை நின்றது, அதைக் காட்டு" என்றார். வால்யூம் பட்டைக்கு வண்ணம் பூசுவதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று அவர் சொன்னதுதான். கீழே வரும் பதில்களிலும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லப் போகிறேன்.

கேள்வி: எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று போலத் தெரிகின்றன. நிரல் எழுதித்தான் மாற்ற வேண்டுமா? – வாசகர், ஃபீனிக்ஸ்

வேண்டாம். அமைப்புகளில் ஸ்டைல் என்ற பகுதியைத் திறந்து நீலமும் ஆரஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அடர்த்தியாகவும் மற்றொன்றை வெளிறலாகவும் வைத்தால் இன்னும் நல்லது. வண்ணம் பிரியாவிட்டாலும் அடர்த்தி பிரியும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறேன். நிரல் என்றாலே பயம். வழக்கத்துக்கு மாறான வால்யூமை மட்டும் தனி வண்ணத்தில் காட்ட எத்தனை வரி எழுத வேண்டும்? – மாணவி, வெஸ்ட்வில்

ஆறு வரி போதும். 68 வயதில் நானே எழுதினேன், நீங்கள் எழுத மாட்டீர்களா?

பைன் எடிட்டரைத் திறந்து, அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுங்கள். முதல் வரியில் இரண்டு சாய்கோடு, ஒரு அட் குறி, பிறகு வெர்ஷன்=6. இதை விட்டுவிட்டால் பழைய காலத்து விதிகளின்படி படித்துவிட்டு உங்களைத் திட்டும். இரண்டாவது வரியில் இண்டிகேட்டர் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் மேற்கோளில் ஒரு பெயர். என்னுடையதற்கு 'ஆலை' என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். மேற்கோளுக்குள் எந்த மொழியும் செல்லும். மேற்கோளுக்கு வெளியே, நாமே சூட்டும் மாறிகளின் பெயர்கள்கூட ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். பெயருக்குப் பின் காற்புள்ளி இட்டு ஃபார்மேட்=ஃபார்மேட்.வால்யூம் என்று சேர்த்தால் பெரிய எண்களை ஆயிரத்திலும் மில்லியனிலும் சுருக்கிக் காட்டும்.

மூன்று, நான்கு, ஐந்தாம் வரிகளை ஒரு பெயரும் சமக்குறியும் போட்டுத் தொடங்குங்கள். மூன்றாவது வரியில் சராசரி. டிஏ.எஸ்எம்ஏ, அடைப்புக்குறிக்குள் வால்யூம், காற்புள்ளி, 20. இருபது வர்த்தக நாட்கள், ஏறக்குறைய ஒரு மாதம். நான்காவது வரியில் விகிதம்: இன்றைய வால்யூமைச் சராசரியால் வகுப்பது. இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அந்தச் சராசரிக்குள் இன்றைய வால்யூமும் சேர்ந்துவிடுகிறது. தினம் 100 கைமாறும் பங்கில் இன்று 300 என்றால் சராசரி 110 ஆகிவிடும், விகிதம் 2.73தான் வரும். தராசுத் தட்டில் கடைக்காரன் விரல் வைப்பது போல. சராசரிக்குப் பக்கத்தில் சதுர அடைப்பில் 1 என்று போட்டால் நேற்று வரைக்குமான சராசரியை எடுத்துக்கொள்ளும்; விகிதம் ஒழுங்காக 3 வரும்.

ஐந்தாவது வரியில் வண்ணம். கேள்விக்குறி 'அப்படியானால்' என்றும், முக்காற்புள்ளி 'இல்லாவிட்டால்' என்றும் வாசிக்கப்பட வேண்டும்:

விகிதம் > 2 ? கலர்.ஆரஞ்ச் : விகிதம் < 0.5 ? கலர்.சில்வர் : கலர்.கிரே

இருமடங்கைத் தாண்டினால் ஆரஞ்சு; இல்லாவிட்டால், பாதிக்கும் கீழே என்றால் வெளிர் சாம்பல்; அதுவும் இல்லாவிட்டால் சாம்பல். ஆறாவது வரியில் ப்ளாட்: வால்யூம், ஸ்டைல்=ப்ளாட்.ஸ்டைல்_காலம்ஸ், கலர்= ஐந்தாம் வரியில் நீங்கள் வைத்த பெயர். காலம்ஸ் என்றால் தூண்கள். நம் காலம் அல்ல. பிறகு சார்ட்டில் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். பழைய வால்யூமை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வரிசைப் பட்டைகள் நிற்கும்.

'இதுவும் உயரம்தானே, உங்கள் தலைமைக் கணக்கர் ஒப்புவாரா' என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புவார். சார்ட்டில் ஒரே ஒரு ராட்சதப் பட்டை வந்துவிட்டால் மற்றவை எல்லாம் அதற்குத் தகுந்தாற்போல் குள்ளமாகிவிடும். அந்தக் குள்ளர்களுக்குள் எது தன் வழக்கத்தை மீறியது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

இன்னொன்று. அந்த ராட்சதன் சராசரியையும் கெடுப்பான். 19 நாள் 100, ஒரு நாள் 1,000 என்றால் சராசரி 145. அடுத்து வரும் 250 உங்கள் நிரலுக்கு வெறும் 1.7 மடங்கு, ஆரஞ்சு எரியாது. மூன்றாவது வரியில் டிஏ.எஸ்எம்ஏ என்பதற்குப் பதில் டிஏ.மீடியன் என்று போட்டுப் பாருங்கள். நடு எண் 100லேயே நிற்கும், 250 இரண்டரை மடங்காகப் பளிச்சென்று தெரியும். ஆலையில் நான் படித்த பாடம் இது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அரவை. மற்ற மாதங்களில் எடைமேடையில் குருவிதான் உட்கார்ந்திருக்கும். ஆண்டுச் சராசரி எந்த மாதத்துக்கும் பொருந்தாது.

கேள்வி: ஆரஞ்சு வண்ணம் வந்தால் வாங்கலாமா? எந்தப் பங்கு நல்லது? – பெயர் வேண்டாமென்ற வாசகர், டோங்காட்

நிதி ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் உரிமம் வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டம். என்னிடம் இருப்பது கார் ஓட்டும் உரிமம்.

கேள்வி: ஒரு பங்கில் தினம் 50 லட்சம் கைமாறுகிறது, இன்னொன்றில் 2 லட்சம். முதலாவதில்தான் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். சரியா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எண்ணிக்கையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது ஐயா. ஒரு ராண்டுப் பங்கு 50 லட்சம் என்றால் 50 லட்சம் ராண்டு. ஆயிரம் ராண்டுப் பங்கு 2 லட்சம் என்றால் 20 கோடி. பட்டையில் பணத்தைக் காட்டச் சொல்லுங்கள்: வால்யூமை முடிவு விலையால் பெருக்குவது. ஆனால் ஜோகன்னஸ்பர்க் சந்தையில் பங்கு விலையைச் சென்ட்டில் குறிக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். பெருக்கியதை 100ஆல் வகுக்க வேண்டும். நான் வகுக்க மறந்து, ஒரு சிறிய நிறுவனத்தில் ஒரே நாளில் 90 கோடி ராண்டு புரண்டதாகக் கண்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். 90 லட்சம்தான்.

ஒரே பங்குக்கும் இது உதவும். சசோல் என்ற எரிபொருள் நிறுவனத்தின் பங்கு 2020 தொடக்கத்தில் சுமார் 300 ராண்டு. அதே ஆண்டு மார்ச்சில் 30 ராண்டுக்கும் கீழே போனது. விலை பத்தில் ஒன்றானால், பழைய அளவுப் பணம் புரள்வதற்கே பத்து மடங்கு பங்குகள் கைமாற வேண்டும். அந்த மாதங்களின் சாதாரண வால்யூம் பட்டைகளையும் ராண்டுப் பட்டைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து மகனிடம் காட்டுங்கள். இரண்டும் ஒரே பங்கா என்று கேட்பார்.

கேள்வி: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் நடுவில் ஒரு நாள் எல்லாப் பெரிய பங்குகளிலும் ஒரே நேரத்தில் பட்டை உயர்கிறது. செய்தித்தாளில் ஒன்றும் இல்லை. என்ன நடக்கிறது? – வாசகர், லெனேசியா

உங்கள் கண் கூர்மை. அது ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள், அதாவது பின்னொரு தேதிக்கு இன்ன விலை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளும் ஒப்பந்தங்கள், கணக்கு முடியும் நாள். அந்த நான்கு மாதங்களின் மூன்றாவது வியாழன். ஒப்பந்தத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பங்குகளைக் கையில் வைத்திருந்த நிதிகள் அன்று அவற்றைக் கழிக்கவோ அடுத்த ஒப்பந்தத்துக்கு ஏற்ப மாற்றியடுக்கவோ செய்கின்றன. நிறுவனத்துக்கு நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. நாட்காட்டி மட்டும் ஒரு தாள் புரண்டிருக்கிறது. அதே மாதங்களின் மூன்றாவது வெள்ளி மாலை, சந்தைக் குறியீட்டில் எந்தெந்தப் பங்குகள் இருக்கும் என்ற பட்டியல் மாறுவதால் இன்னொரு உயரம் வரும். மாதம் வெள்ளியில் பிறந்தால் அந்த வெள்ளி மூன்றாவது வியாழனுக்கு முன்னாலேயே வந்துவிடும் என்பது ஒரு வேடிக்கை.

தலைமைக் கணக்கர் கேட்ட 'மழை நாள்' இதுதான். இதற்குத் தனி வண்ணம் கொடுங்கள், நான் ஊதா கொடுத்திருக்கிறேன். நிபந்தனை மூன்று துண்டு. கிழமை வியாழனா? தேதி 15 முதல் 21க்குள் இருக்கிறதா? மாத எண்ணை 3ஆல் வகுத்தால் மீதி பூஜ்யமா? மீதிக்குச் சதவீதக் குறியைப் பயன்படுத்த வேண்டும். மூன்றையும் ஆண்ட் என்ற சொல்லால் கோத்துவிட்டால் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

2024 மார்ச்சில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது வியாழன் 21ஆம் தேதி, மனித உரிமை நாள், சந்தை விடுமுறை. விடுமுறை குறுக்கிட்டால் கணக்கு முந்தைய வேலை நாளுக்குப் போய்விடும். அதாவது புதன், 20ஆம் தேதி. என் நிரலோ வியாழனைத் தேடிக்கொண்டிருந்தது. வியாழனுக்குப் பட்டையே இல்லை. புதன் பட்டை ஊதா ஆகாமல் ஆரஞ்சில் எரிந்தது. நான் உடனே மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்து, யாரோ பெரிய கை உள்ளே நுழைகிறது என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் கோயில் வாசலில் என்னைப் பார்த்தால், "மாமா, பெரிய கை வந்ததா?" என்கிறார்.

அதன் பிறகு ஒரு மாலை முழுவதும் நாட்காட்டியோடு உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. இந்த நான்கு மாதங்களில் 15 முதல் 21 வரைக்குள் விழும் நிலையான விடுமுறைகள் மூன்றே: மார்ச் 21, இளைஞர் நாளான ஜூன் 16, நல்லிணக்க நாளான டிசம்பர் 16. இவற்றில் எது வியாழனில் விழுந்தாலும் அது தப்பாமல் மூன்றாவது வியாழன்தான். ஆகவே இன்னொரு நிபந்தனை சேர்த்தால் போதும்: கிழமை புதன், தேதி மார்ச் 20 அல்லது ஜூன் 15 அல்லது டிசம்பர் 15. பழைய நிபந்தனைக்கும் இதற்கும் நடுவே ஆர் என்ற சொல். 2021 டிசம்பரையும் 2022 ஜூனையும் திரும்பிப் பார்த்தேன். இரண்டிலும் புதன் ஊதாவாக நின்றது. மைத்துனருக்கு இதைச் சொல்லவில்லை.

கேள்வி: காலை பத்து மணிக்குப் பார்த்தால் இன்றைய பட்டை வெளிர் சாம்பல். மாலையில் அதே பட்டை ஆரஞ்சு. நிரலில் பிழையா? இன்னொன்று: ராண்டு–டாலர் சார்ட்டிலும் இதே நிரலைப் போட்டேன், அங்கேயும் பட்டைகள் வருகின்றன. நம்பலாமா? – வாசகர், ஸ்டேங்கர்

பிழை இல்லை. ஒரு மணி நேரக் கரும்பை ஒரு முழு நாள் கரும்போடு ஒப்பிடுகிறீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் காலை 9 மணிக்கு வர்த்தகம் தொடங்கி, மாலை 4.50க்கு நின்று, 5 மணி வரை முடிவு விலைக்கான ஏலம் நடக்கிறது. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் கொட்டுவது ஏராளம். ஐந்து நிமிடச் சார்ட்டை ஒரு முறை திறந்து பார்த்தாலே தெரியும். காசு கட்டாத கணக்கு என்றால் நீங்கள் பார்ப்பது பதினைந்து நிமிடம் பழையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்ஸ்டேட்.இஸ்கன்ஃபர்ம்டு என்று ஒரு சொல் இருக்கிறது. பட்டை முடிந்துவிட்டதா என்று அது சொல்லும். முடியாத பட்டைக்கு எந்தத் தீர்ப்பும் இல்லாத ஒரு வண்ணம் கொடுங்கள். நான் வெளிர் நீலம் வைத்திருக்கிறேன். எச்சரிக்கை வைப்பதாக இருந்தால், பட்டை முடிந்தபின் ஒரு முறை என்ற தேர்வை எடுங்கள். அது அவர்களுடைய சர்வரில் ஓடுவதால் வீட்டில் லோட் ஷெடிங் மின்வெட்டு என்றாலும் எச்சரிக்கை பிறந்துவிடும். ஆனால் எச்சரிக்கை வைத்த அன்று நிரல் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடும். நான் இருமடங்கை மூன்று மடங்காக மாற்றிவிட்டு, பழைய எச்சரிக்கையை அழித்துப் புதிதாக வைக்காமல், மூன்று வாரம் இருமடங்குக்கே தொலைபேசி அலறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராண்டு–டாலர் வேறு சங்கதி. நாணய வர்த்தகம் வங்கிகளுக்கும் முகவர்களுக்கும் இடையே உலகெங்கும் சிதறி நடக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் எடைபோடப்படும் சந்தை அங்கே இல்லை. அந்தப் பட்டையில் நீங்கள் பார்ப்பது விலை எத்தனை முறை அசைந்தது என்ற எண்ணிக்கை. ஆலை வாசலில் லாரிகள் எத்தனை முறை ஹாரன் அடித்தன என்று எண்ணி டன் கணக்கு எழுதுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கைமாறிய அளவுதான் வேண்டுமென்றால், ஜோகன்னஸ்பர்க் சந்தையிலேயே ராண்டு–டாலர் ஃபியூச்சர்ஸ் நடக்கிறது. அங்கே எண்ணப்படுவது ஒப்பந்தங்கள்.